காலடி ஸ்பீக்கர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். போனில் பேசலாம் என்றால் உன் மாமா ஒரு பக்கம், உன் மருமகன் ஒரு பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இது அவர்கள் காதில் விழக் கூடாத சமாச்சாரம். பதிலையும் வீட்டுக்குப் போடாதே. எக்ஸ்ரே பிரிவு என்று எழுதி ஆஸ்பத்திரிக்கே போடு. அக்காவுக்கு இந்த வயதில் கள்ளத்தனம் வந்துவிட்டது என்று சிரித்தால் சிரித்துக்கொள்.

எனக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும்.

எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கூச்சமாக இருக்கிறது. அம்பது நெருங்குகிறது, முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் தூக்கம் வருவதில்லை, எனக்கு எலெக்ட்ரிக் கிட்டார்! உன் மருமகன் அடம்பிடித்து வாங்கி, நாலு நாள் தட்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினானே, அந்த மரக் கிட்டாரில்தான் நான் கற்றுக்கொண்டது. இப்போது எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர் இசைக் குழுவில் நானும் ஒருத்தி. தலைமை நர்ஸ் பாடுகிறார். கணக்குப் பிரிவு சார் கீபோர்டு. ஆம்புலன்ஸ் டிரைவர் டிரம்ஸ். அந்த மனுஷன் அடிக்கிற அடியில் என் மரக் கிட்டார் எனக்கே கேட்பதில்லை. போன வாரம் ஒத்திகையில் கம்பி அறுந்து நான் பாதியில் நிறுத்திவிட்டேன். பாட்டு முடிகிறவரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. அப்புறம் நான் எதற்குடா அங்கே?

ஜூனில் ஆண்டு விழா. இரண்டாவது பாட்டின் நடுவில் பாட்டு நின்று கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கீபோர்டிலேயே வாசித்துவிடலாம் என்றார் கணக்கு சார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நானே வாசிக்கிறேன் சார்"னு சொல்லிவிட்டேன்.

கையில் இருப்பது அரை மாதச் சம்பளம். அதற்கு மேல் ஒரு காசு புரட்ட முடியாது. சனிக்கிழமை கடைக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே நாலைந்து விடலைப் பசங்கள், விரல் தெரியாத வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர், "பையனுக்காம்மா?" என்றார். "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ ராப்பகலாக ஸ்பீக்கரும் ஒயருமாகவே கிடக்கிறவன். எதை வாங்குவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பணம் முழுவதையும் கிட்டாரில் கொட்டாதே. மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைத்து, சத்தத்தைப் பெருக்குகிற ஒரு சின்ன ஆம்ப் பெட்டி வாங்கு. ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் வெறும் கட்டை.

கிட்டாரில் கீழே கம்பிகளை மாட்டுகிற இரும்புத் தகடு மரத்தோடு அசையாமல் முடுக்கியதாக இருக்க வேண்டும். சிலவற்றில் அந்தத் தகட்டைப் பின்னாலிருந்து ஸ்பிரிங் தாங்கியிருக்கும், ஆட்டுவதற்கு ஒரு கம்பிக் கைப்பிடியும் இருக்கும். பார்க்க ஜோராக இருக்கும். உனக்கு வேண்டாம். அதில் ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற கம்பிகள் எல்லாம் இறங்கிவிடும். இறங்கியதை ஏற்றினால் முதலில் ஏற்றியது இறங்கும். பழகினவனுக்கே விழி பிதுங்கும்.

நிறத்தைப் பார்க்காதே. பழசு என்றாலும் பரவாயில்லை.

முக்கியமாக, வாசித்துப் பார்க்காமல் வாங்காதே. காலில் போட்டுப் பார்க்காமல் யாராவது செருப்பு வாங்குவார்களா? "எனக்குத்தாங்க" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். அந்தப் பசங்கள் ஒன்றும் உன்னைத் தின்றுவிட மாட்டார்கள்.

ஒரு தகவல். உங்கள் ஆண்டு விழாவுக்கு ஒலி அமைப்பு எங்கள் கம்பெனிதான். முதலாளி நேற்றுத்தான் சொன்னார். மிக்ஸரில் நான்தான் உட்காருவேன்.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

வாங்கிவிட்டேன்! நீ சொன்ன மாதிரியேதான். தகடு, மரம், எல்லாம் நீ சொன்னபடி. நிறம் சிவப்பு. நான் நிறத்தைப் பார்க்கவில்லை, அதுவாக அமைந்தது. எக்ஸ்ரே அறையில் ஈயக் கவசங்கள் தொங்குகிற அலமாரிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறேன். கவசத்தை எடுக்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆம்ப் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என்ன, கொஞ்சம் விலை பேச வேண்டியிருந்தது. கடைக்காரர் தங்கமான மனுஷன். அவரே வாசித்துக் காட்டினார். அடேயப்பா, அந்தச் சின்னக் கடை அதிர்ந்துபோனது.

இன்னொன்று. இது எனக்காக இல்லை. எங்கள் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஒரு தோழி இருக்கிறாள், அவளும் ஒரு கிட்டார் வாங்கியிருக்கிறாள். அதில் ஒரு கம்பியைச் சரிசெய்தால் மற்றவை எல்லாம் கலைந்துவிடுகிறதாம். பாவம், சாப்பாட்டு நேரம் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கிறாள். அதற்கு என்ன செய்யலாம்?

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

உன் தோழியிடம் சொல், ஆறு கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றிச் சரிசெய்ய வேண்டும். ஒரே கம்பியில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. நடுவில் கைப்பிடியைத் தொடவே கூடாது. முடியவில்லையென்றால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் நல்லது. மாற்றக் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

நீயும் அந்தத் தோழியும் ஒரே கடையிலா வாங்கினீர்கள்?

தம்பி


ஜூன் 20

என் தங்கத் தம்பிக்கு,

நேற்று விழா முடிந்ததும் உன்னைத் தேடினேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டு அதற்குள் வண்டியில் ஏறிவிட்டாயாம். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

போகட்டும். எப்படிடா இருந்தது? எனக்கு இன்னும் காலுக்கடியில் தரை நிற்கவில்லை. ஆம்ப் கடைசிவரை வாங்க முடியாமல் மேடையில் நீ வைத்த ஒயர்ப் பெட்டியிலேயே நேராக மாட்டினேன். நீ கிட்டாரையே ஒரு மாதிரி பார்த்தாய். அந்தத் தனி இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். நோயாளிகளிடம் நாள் முழுக்கச் சொல்கிறேனே, "மூச்ச இழுங்க, பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க" என்று, அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் காலடியில் நீ வைத்திருந்த ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. இரண்டு இடத்தில் கொஞ்சம் பிசிறியது, எனக்குத் தெரியும். ஆனால் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் என்ன கைதட்டல்!

உன் மாமாவிடம் சொல்லாமல்தான் மேடை ஏறினேன். மூன்றாவது வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த வாயில் அது பெரிய பட்டம்.

நீ என்ன நினைத்தாய் என்று உடனே எழுது. உன் வாயால் கேட்க வேண்டும்.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

அன்று அவசரமாக வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. விழா நன்றாக நடந்தது. தலைமை நர்ஸுக்கு நல்ல குரல். டிரம்ஸ் கொஞ்சம் ஓவர்.

நீ மேடையில் பயப்படாமல் நின்றாய். அது எல்லாருக்கும் வராது.

முட்டி வலி எப்படி இருக்கிறது? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

விழா வீடியோ வந்துவிட்டது. இன்று மத்தியானம் கேன்டீன் டிவியில் போட்டார்கள். நான்தான் எல்லாரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் டாக்டரைக்கூட விடவில்லை.

இரண்டாவது பாட்டு. நர்ஸ் பாடி நிறுத்துகிறார். நான் ஒரு அடி முன்னால் வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறேன். விரல் ஓடுகிறது. சத்தம் இல்லை.

டிரம்ஸ் மட்டும் டக் டக் என்று வருகிறது. ஆம்புலன்ஸ் டிரைவர், "டிவில சவுண்ட ஏத்துப்பா" என்றார். ஏற்றினார்கள். டிரம்ஸ்தான் பெரிதாகக் கேட்டது. நான் அந்தச் சிவப்புக் கட்டையைக் கட்டிக்கொண்டு ஊமைக் கூத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். பின் மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தர் சிரித்தால் போதாதா? ஸ்கேன் டாக்டர் மட்டும் சிரிக்காமல் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தவர்களைக் கூடத் தாங்கிக்கொண்டேன், அவரைத்தான் தாங்க முடியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேனே தம்பி. திறந்து வைத்திருந்தால் எதிரில் இருக்கிறவர்கள் முகத்திலாவது தெரிந்திருக்கும்.

உன் மாமா அன்று என்ன கேட்டுவிட்டு "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்? அதை இப்போது எப்படிப் போய்க் கேட்பேன்?

ஒயர் கழன்றுபோய்விட்டதா? கழன்றுபோய்விட்டது என்று எழுது. நம்பிக்கொள்கிறேன்.

அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

ஒயர் கழலவில்லை.

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மிக்ஸரில் ஒவ்வொருவர் சத்தத்துக்கும் ஒரு கட்டை உண்டு. மேலே தள்ளினால் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். முதல் பாட்டு ஆரம்பித்ததுமே உன் கட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். கடைசிவரை ஏற்றவில்லை. உன் காலடி ஸ்பீக்கருக்குப் போகிற சத்தம் தனி, அதை மட்டும் விட்டு வைத்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் விட்டு வைத்தேன். ஹாலில் நீ இல்லவே இல்லை. உனக்கு மட்டும்தான் நீ கேட்டாய்.

கிட்டார் சுருதி சேரவில்லை அக்கா. ஸ்பிரிங் வைத்த கிட்டார்தான் அது என்று நீ கிட்டார்ப் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்தது. அந்தத் தோழி யார் என்று எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நீ கூசிப்போவாய் என்று விட்டேன். அன்றே கேட்டுத் தொலைத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

உன் மானத்தைக் காப்பாற்றத்தான் இழுத்தேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். கிழித்த தாள்களில் அதுதான் இருந்தது. பச்சைப் பொய். முன் வரிசையில் உங்கள் ஆஸ்பத்திரித் தலைவர் பக்கத்தில் என் முதலாளி உட்கார்ந்திருந்தார். இந்த வருடம் என்னைத் தலைமை ஒலிக்காரனாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். நீ முதல் கம்பியைத் தொட்டதும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கு என் கை தானாகப் போய்க் கட்டையை இழுத்தது. அதைவிடக் கேவலம், நீ மேடை ஏறுமுன் அவர், "அந்தம்மா யாரு, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டிருந்தார். "இல்ல சார், ஸ்டாஃப் யாரோ"ன்னேன்.

அதனால்தான் உன்னைப் பார்க்காமல் ஓடினேன். வேறு எந்த இடத்துக்கும் அன்று போக வேண்டியிருக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்துகொண்டு நீ வெளியே வந்து என்னைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தலைமை ஒலிக்காரனாகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்கு இனிமேல் எழுதவே போவதில்லை என்று இருந்தேன். ஸ்டாஃப் யாரோ! நீ சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூட வாசலில் உன் மூக்கைத் துடைத்துவிட்டது யார், அதுவும் ஸ்டாஃப் யாரோதானா? அந்த வரியைப் படித்தபோது எக்ஸ்ரே எடுக்க ஒருத்தர் கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்துபோனேன். "விடலாமாம்மா?" என்று அவரே கேட்டார்.

ஆனால் கோபம் கொஞ்சம் இறங்கியதும் இன்னொன்று மேலே வந்தது. நான் மட்டும் என்ன யோக்கியம்? கடையில், "பையனுக்காம்மா?" என்று அவர் மறுபடியும் கேட்டபோது மறுபடியும் ஆமாம் என்றேன். "அப்ப இதுதாம்மா, பசங்க இதுக்குத்தான் உயிரை விடுறாங்க" என்று சிவப்பை எடுத்தார். எனக்கு என்றால் வேறு எதையாவது காட்டியிருப்பார். கேட்காத பையனுக்காக ஒரு கிட்டாரை வாங்கி, அதை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் உன்னிடம் பொய், இல்லாத தோழி. நீ என்னைத் தெரியாது என்று சொன்னாய். நான் அதற்கு முன்பே என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன் கடையில்.

உன் மாமாவிடம் கேட்டுவிட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலை. ஆனா நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே, என்னத்தச் சொல்ல" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார். என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து என்னைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர்கள். ஒரு சத்தம் வெளியே வரவில்லை.

நேற்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மாமாவும் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அதே பசங்கள், அதே வேகம். கடைக்காரர், "பையனுக்குப் பிடிக்கலையாம்மா?" என்றார். "பையனுக்கு இல்லைங்க, எனக்குத்தான்" என்றேன். என் காது மடல் கொதித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வாங்கி அந்தத் தனி இடத்தை வாசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் தப்பு விட்டேன். அப்போதுதான் தெரிந்தது, பிசிறியதில் பாதி கிட்டார், பாதி நான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பயல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர்களுக்குப் பயந்தா நான் இத்தனை கூத்தும் ஆடினேன் என்று அழுகை வந்துவிட்டது. அங்கேயே அழுதேன். அதையும் யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் எடுத்தது ஒரு மண்ணிறக் கிட்டார். யாரோ வைத்திருந்து விற்றது. முதுகில் ஒரு பெரிய கீறல், பெல்ட் கொக்கி இழுத்தது போல. தகடு அசையவில்லை, ஆட்டிப் பார்த்தேன். சிவப்பைக் குறைந்த விலைக்குத்தான் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்படியும் மிச்சத்தில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு ஆம்ப் வந்தது. இப்போது கட்டிலுக்கடியில் ஒன்றுமில்லை, அலமாரிக்குள் ஒன்றுமில்லை. கூடத்தில் டிவி பக்கத்தில் நிற்கிறது.

அக்டோபரில் தலைமை நர்ஸ் ஓய்வு பெறுகிறார். பிரிவு விழாவில் அதே பாட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தனி இடம் இந்தத் தடவை கீபோர்டுக்கு என்று கணக்கு சார் மெல்ல ஆரம்பித்தார். கேன்டீனில் சிரித்தவர்களில் அவரும் ஒருத்தர். "இல்ல சார், நான்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக ராத்திரி முழுக்கப் புரண்டேன். வெட்கம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

ஒலி அமைப்புக்கு உங்கள் கம்பெனியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உன் முதலாளியும் வருவார். யாரோ ஒரு ஒலிக்காரன் மிக்ஸரில் இருந்திருந்தால் அன்று என் சத்தத்தை இறக்கியிருக்க மாட்டான் தம்பி. அவனுக்கு என்னால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீ இறக்கினாய். அதனால் நீதான் வந்து ஏற்ற வேண்டும். பிசிறினால் ஹாலுக்கே கேட்கட்டும்.

முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "சார், அன்னைக்கு வாசிச்சாங்களே, அது எங்கக்கா" என்றேன். அவர், "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

வருகிறேன். உன் கட்டையை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மேலே ஏற்றி, அதன் மேல் குறுக்கே டேப் ஒட்டிவிடுவேன். மேடைக்காரர்கள் யாராவது தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்றால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். இந்தத் தடவை அது என் கைக்காக. என் கையை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

காலடி ஸ்பீக்கரை எடுத்துவிடுகிறேன். ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற அதே சத்தம்தான் உனக்கும் கேட்கும்.

கண்ணை மூடாதே. நேர் எதிரில்தான் இருப்பேன்.

மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு தரம் ட்யூன் பண்ணிவிடு.

தம்பி